மூன்று மாநில எல்லையில் மின் லாரிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஊட்டியில் கேரட்டும் தேயிலைத்தூளும் ஏற்றி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகிறோம். திரும்பும்போது குண்டல்பேட்டை, முத்தங்கா, சுல்தான் பத்தேரி, பாட்டவயல் வழியாக மறுபடி கூடலூர். இந்தச் சுற்றில் நாங்கள் ஓட்டுவது 21 யூனிட் பேட்டரியும் ஒரு டன் சுமையும் கொண்ட சிறிய மின் லாரிகள். ஒரு சார்ஜுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் என்று கம்பெனித் தாளில் போட்டிருக்கும். மலையில் அந்த எண் தாளோடு சரி. வண்டி நடுவழியில் நிற்காமல் ஓட வழி சொன்னவர்களுக்கு இந்த மடல். அவர்கள் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்தே எழுதுகிறோம், அடுத்து மின் வண்டி எடுப்பவருக்கு உதவட்டும்.

முதல் நன்றி கூடலூர் எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. தூரத்தை வைத்துச் சார்ஜ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, உயரத்தை வைத்துப் போடச் சொன்னவர் அவர்தான். கடை ஷட்டரில் சாக்பீஸால் எழுதிய அந்தக் கணக்கு இதுதான்: ஒரு டன்னை 1,000 மீட்டர் உயரம் ஏற்ற 2.7 யூனிட் வேண்டும். கூடலூருக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,200 மீட்டர். வண்டியும் சுமையும் சேர்த்து 2 டன் என்றால் 6.5 யூனிட், மோட்டாரிலும் கியர்பெட்டியிலும் வீணாவதைச் சேர்த்தால் ஏழரை. இது உயரம் ஏற மட்டும். 50 கிலோமீட்டர் உருண்டு வர இன்னும் ஆறேழு யூனிட். ஆக 14. சமதளத்தில் அதே தூரத்துக்கு இதில் பாதி போதும். அதனால் சுமையோடு ஊட்டிக்கு ஏறுகிறவர் கூடலூரில் 90 விழுக்காட்டுக்குக் குறைவாகக் கிளம்பக் கூடாது. திரும்பும் லோடில் வெங்காயமோ மாட்டுத்தீவனமோ 100 கிலோ கூடினால் இந்த ஏற்றத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 0.4 யூனிட் கூடும். ‘ரெண்டு மூட்டைதானே’ என்று ஏற்றும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜ் போட இடம் கொடுத்த மரக்கடை, மாவுமில், பேக்கரிக்காரர்களுக்கும் அந்த அண்ணன்தான் வயரிங் செய்து கொடுத்தார். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3.3 யூனிட் ஏறும். காலி பேட்டரி நிறைய ஆறரை, ஏழு மணி நேரம். பார்க்கச் சாதாரண ஹீட்டர் பிளக்தான், ஆனால் ஹீட்டர் அரை மணியில் அணைந்துவிடும். இது இரவு முழுக்க 15 ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். தளர்ந்த பிளக் உருகுவது இதனால்தான். சாக்கெட் வரை 30 மீட்டர் இழுக்க வேண்டியிருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏழு வோல்ட் விழும், 4 சதுர மில்லிமீட்டரில் நாலு. எஸ்டேட் லைன்களில் மாலையில் வோல்டேஜ் ஏற்கெனவே தொங்கும், இதுவும் சேர்ந்தால் சார்ஜர் தானாக நின்றுவிடும். அதனால் 4 சதுர மில்லிமீட்டர் தாமிரம், தனியாக 20 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின் கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்), பக்கத்தில் ஒரு சப்-மீட்டர். மீட்டர் இருந்தால் காசு விஷயத்தில் இரண்டு பக்கமும் முகம் சுளிக்க வேண்டாம். ரீல் வயரைச் சுருட்டிய நிலையிலேயே மாட்டிவிடாதீர்கள், சுருளுக்குள் சூடேறி இன்சுலேஷன் இளகும். முழுதும் அவிழ்த்துப் போடுங்கள்.

மாவுமில் அக்காவுக்குத் தனியாக ஒரு வாளித் தண்ணீருக்கு நன்றி. மாசி, பங்குனியில் மண் காய்ந்ததும் எர்த் சரியாக இருக்காது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், வண்டியில்தான் கோளாறு என்று எல்லோரும் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். அக்கா கரியும் உப்பும் போட்ட எர்த் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு.

இறக்கத்துக்கான நன்றி டீசல் லாரி ஓட்டிய மூத்த டிரைவர்களுக்கு. ஏறின கியரிலேயே இறங்கு என்பது அவர்கள் பாடம். மின் லாரியில் மாற்றக் கியர் இல்லை. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடிக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குப் போகும். பேட்டரி நிறைந்திருந்தால் அது எங்கே போகும்? போகாது, பிடிப்பும் இருக்காது. முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறவர் அதனால் 85 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்திவிட வேண்டும். கூடலூர்ப் பக்கம் அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. பைக்காரா, நடுவட்டம் வரை ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும், பெரிய இறக்கம் தொடங்குவதற்குள் பேட்டரியில் இடம் ஆகியிருக்கும். ஆனால் உறைபனிக் காலத்து விடியலில் கணக்கு வேறு. குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும், அதனால் மோட்டாரின் பிடிப்பும் குறையும். வெயில் ஏறியபின் கிளம்புங்கள், அல்லது முதல் பத்து கிலோமீட்டரைப் பொறுமையாக ஓட்டுங்கள்.

பிரேக் தீய்ந்த வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்த வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தானாக ஆறவிட வேண்டும். இறங்கும்போது பேட்டரிக்குத் திரும்பி வருவது இரண்டு யூனிட் சுமார்தான். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

மண்டி சுமைதூக்கும் அண்ணன்மார்களுக்கு: கழுவிய கேரட் மூட்டைகளைத் தண்ணீர் வடிந்தபின் ஏற்றுவதற்கும், கனமானவற்றை முன்பக்கம், கேபினை ஒட்டி அடுக்குவதற்கும் நன்றி. பின்னால் கனம் கூடினால் ஏற்றக் கொண்டை ஊசியில் முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் காற்றில் திருப்புவது போல இருக்கும்.

காகிதங்களைச் சரியாக அடுக்கிக் கொடுத்த கூடலூர் டைப்பிங் கடைத் தம்பிக்கு நன்றி. 2018 அக்டோபர் 18-ஆம் தேதி மத்திய அரசு அறிவிக்கையின்படி பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகை மின் வண்டி என்று அர்த்தம். இரண்டும் தெரியாமல் பெர்மிட் கேட்பவர் இருப்பார். அறிவிக்கையின் அச்சுப் பிரதியை ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சியோடு ஒரே கவரில் வைத்திருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். காய்கறிக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டாம். தேயிலைத்தூள் 50,000 ரூபாய்க்கு மேல் மாநில எல்லை தாண்டினால் கட்டாயம் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. வழியில் வண்டி மாற்றினால் புதிய எண்ணை அதில் ஏற்ற மறக்கக் கூடாது.

கக்கநல்லா, முத்தங்கா சாவடிகளில் பணிபுரியும் காவலர்களுக்கும் வனத்துறை ஊழியர்களுக்கும் எங்கள் வணக்கம். பந்திப்பூர்க் காட்டுச் சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி போகக் கூடாது. 2009 முதல் உள்ள தடை. சார்ஜர் தாமதத்தைக் காரணம் காட்டிக் கெஞ்சிப் பயனில்லை. குண்டல்பேட்டையில் எவ்வளவு ஏறியிருந்தாலும் மாலை 7-க்குள் கிளம்புவது, முடியாவிட்டால் அங்கேயே தங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலர் ஒருவர் சொன்னதை இங்கே பதிகிறோம்: “உங்க வண்டி சத்தமே இல்லாம வருது, திருப்பத்துல யானைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.” உண்மைதான். டீசல் வண்டியைத் தூரத்திலேயே கேட்டு ஒதுங்கும் விலங்கு மின் வண்டி பக்கத்தில் வந்தபின்தான் திடுக்கிடும். திருப்பங்களில் 30-க்கு மேல் வேண்டாம், ஹாரனும் வேண்டாம்.

குண்டல்பேட்டை அண்ணாவுக்கும் பத்தேரி சேட்டனுக்கும் வேகச் சார்ஜர் பாடத்துக்காக நன்றி. துப்பாக்கியை (சார்ஜர் கேபிளின் கைப்பிடி முனையை) மாட்டியும் சார்ஜ் தொடங்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜரின் சிவப்பு அவசரப் பொத்தான். யாரோ அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், வலப்பக்கம் திருகினால் வெளியே வரும். அடுத்து துப்பாக்கி முழுதும் உள்ளே போயிருக்கிறதா என்று. கனமான கேபிள் கீழே இழுக்கும், கையால் தாங்கிப் பிடித்தால் வண்டிக்கும் சார்ஜருக்கும் பேச்சுவார்த்தை முடிந்து சார்ஜ் ஓட ஆரம்பிக்கும். சார்ஜர் செயலியில் பணத்தை ஊட்டியிலேயே போட்டுவிடுங்கள், காட்டுக்குள் ஓடிபி வராது. கேரள மின்வாரியம் மின்கம்பங்களிலேயே மாட்டியிருக்கும் 3.3 கிலோவாட் சார்ஜர்கள் ஆட்டோ, ஸ்கூட்டருக்கானவை. நம் பிளக் பொருந்தினால் ஆபத்துக்கு உதவும், அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கடைசியாக ரெக்கவரி வண்டிக்காரர்களுக்கு. சக்கரம் தரையில் உருள மின் லாரியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, மோட்டார் சுழன்று மின்சாரம் உண்டாக்கிக் கன்ட்ரோலரைக் கெடுக்கும். மேடை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று வாடகை கூடினாலும் அடம்பிடித்தவர்கள் நீங்கள். அதைவிடப் பெரிய உதவி, ஏற்றுவதற்கு முன் 12 வோல்ட் பேட்டரியைச் சோதித்துப் பார்ப்பது. பெரிய பேட்டரி 70 விழுக்காடு இருந்தும் சின்னது செத்துவிட்டால் வண்டி கண்ணே திறக்காது. ஜம்பர் வயர் போட்டு உயிர் கொடுத்துவிட்டு, வாடகையே வாங்காமல் போயிருக்கிறீர்கள்.

மின் வண்டியோடு இந்த வழி வருகிறவர்களுக்கு எங்கள் ஷெட்டில் ஒரு 15 ஆம்பியர் பிளக் எப்போதும் காலியாக இருக்கும். யூனிட் காசை மீட்டர் பார்த்துக் கொடுத்தால் போதும், டீ எங்கள் கணக்கு.

இப்படிக்கு,
ஊட்டி–கூடலூர் வழி மின் லாரி ஓட்டுநர்கள்