செவலையைக் கூப்பிட்டது நான்தான்

அக்கா,

வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு இரண்டாவது திதி. போன வருஷம் நீ வரவில்லை. இந்த வருஷமும் வரமாட்டாய் என்று அத்தை சொல்கிறாள். போன் செய்தால் எடுத்து மாமாவிடம் கொடுத்துவிடுகிறாய். நான் இங்கே எழுதுவதை மட்டும் படிக்கிறாய் என்று உன் மகன் சொன்னான். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

கருமாதி அன்று பந்தியில் வைத்து, "நீயாடா செவலையைக் கூப்பிட்டே?" என்று கேட்டாய். அத்தனை பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆமாம், நான்தான்.

நாய் பிடிக்கிற வண்டி தெருமுனைக்கு வரும்போதே நாய்களுக்குத் தெரிந்துவிடும். செவலை நம் கொல்லைக்கு ஓடிவந்து விறகு அட்டிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டது. இரும்புக் கிடுக்கியோடு இரண்டு பேர் வந்தார்கள். கம்பை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். அது இன்னும் உள்ளே போனது. அப்போதுதான், "நீ கூப்பிட்டா வரும்டா" என்று சொன்னார்கள். யார் சொன்னது என்று உனக்குத் தெரியும். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள்.

நான் குத்தவைத்து உட்கார்ந்து, பொறையை நீட்டி, "தோ... தோ... செவலை, வா" என்றேன். நீ கூப்பிடும் அதே ராகத்தில்.

வந்தது அக்கா. வயிறு தரையில் உரச, காதெல்லாம் மடிந்து, கால் நடுங்க நடுங்க வந்தது. வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். ஏமாந்து வரவில்லை. பயந்துகொண்டே வந்தது, கூப்பிட்டது நான் என்பதால். பொறையை மோந்துகூடப் பார்க்கவில்லை. என் முழங்காலில் முகத்தை வைத்தது. கிடுக்கி அப்போதுதான் கழுத்தில் விழுந்தது. கத்தினபோதும் அந்த ஆளை அது பார்க்கவில்லை, என்னையே பார்த்தது.

நாய்க்கு மன்னிக்கத் தெரியும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். செவலை என்னை மன்னித்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? அதற்கு நேரம் ஏது?

எனக்குப் பதினோரு வயது அக்கா. மேலத்தெருப் பையன் வெறிநாய் கடித்துச் செத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாலே தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினானாம். அப்போதெல்லாம் கடிபட்டால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. நோய் வந்துவிட்டால் அப்புறம் எந்த ஊசியும் கேட்காது. ஊரே பயந்து கிடந்தது. நம் வீட்டில் மட்டும் பயப்படாமல் இருக்க முடியுமா?

அன்றைக்கு அது குற்றமும் இல்லை. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே, தெருநாய்களைக் குறிப்பிட்ட முறைகளில் கொல்லலாம் என்று விலக்குக் கொடுத்திருந்தது. பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற விதி 2001இல்தான் வந்தது. செவலை போனது 1993. இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். என் மேல் தப்பில்லை என்று ஒரு வரி கிடைத்துவிடாதா என்றுதான். கிடைத்தும் மனசு ஆறவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் பட்டை இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். "தெருவில் திரியுறதுக்கு எதுக்குடா பட்டை, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாய். தினமும் மோர்ச்சோறு பிசைந்து வைத்தாய், கருவாட்டுத் தலை எடுத்து வைத்தாய். ஒரு பட்டை வாங்க உன்னிடம் காசு இல்லையா? ஒரு ஊசி போட நம்மில் யாருக்கும் தோன்றவில்லையே. கடைசிப் பதினோரு வருஷம் அப்பாவுக்கு மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்தது நான். நீ செவலைக்கு அழுத அழுகையில் பாதிகூட அவருக்கு அழவில்லை.

இதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், மனதில் இருந்ததுதானே.

உண்மையில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறொன்றுக்கு. அன்று நீ டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து வந்து, "செவலை எங்கடா?" என்றாய். "தெரியல" என்றேன். எட்டு நாள் தேடினாய். எட்டாவது நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் உன்னோடு வந்தேன். உன்னோடு சேர்ந்து, "தோ... தோ..." என்று கத்தினேன். அதைத்தான் நினைக்க முடியவில்லை. முப்பது வருஷம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்கு வயதைக் காரணம் சொல்ல மாட்டேன். மன்னித்துவிடு அக்கா.

2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி, டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பாப்பா டிவி முன்னால் உட்கார்ந்து அழுதாள். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவற்றை, வெறிநோய் பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர, அதே இடத்தில் விடலாம் என்று 22ஆம் தேதி மாற்றினார்கள். அதற்கு நடுவில் ஒருநாள், "உங்க ஊர்ல என்னப்பா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். முழுதும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், எங்கள் தெருவில், கருத்தடை செய்த அடையாளமாகக் காதில் வெட்டோடு திரிந்த ஒரு பொட்டைநாயை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டாள். எந்த நாய் என்னைப் பார்த்து வாலாட்டினாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். இது என் காலடியில்தான் படுக்கிறது. பெயர் சொல்லி மட்டும் கூப்பிடுகிறேன். "தோ" என்று வாயில் வரவில்லை.

உன்னுடைய நசுங்கின அலுமினியத் தட்டை அப்பா தூக்கிப் போடச் சொன்னார். போடவில்லை, இங்கே என்னிடம்தான் இருக்கிறது. அதில் இன்னும் எதற்கும் சோறு வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் படையல். வருவதாக இருந்தால் தெருமுனையில் இறங்கினதும் போன் செய், கேட்டுக்கு நானே வருகிறேன். புது ஆளைக் கண்டால் இது கொஞ்சம் குரைக்கும்.

தம்பி