அட்டைத் துண்டு வைத்த பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

இன்று விடியற்காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. மேசை போட ஓட வேண்டாம், எங்கள் பள்ளியின் புதுக் கட்டடத்தில் போட்டது போட்டபடி கிடக்கும் என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சரி, எழுந்ததுதான் எழுந்தோம் என்று அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருஷம் ஆகஸ்ட்டில் எங்கள் பள்ளிக்கு இடம் இல்லாமல் போனதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் அந்த வாரம் முழுக்க என் கூடவேதான் இருந்தீர்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. "அரசாங்கமே அனுமதி கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு எப்படிடா இடம் இல்லாமப் போகும்?" சார்ட்டர் பள்ளி என்பது நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரி என்று சொல்லிவைத்திருக்கிறேன். பணம் அரசுடையது, நிர்வாகம் தனி, பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இங்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1993 சட்டத்திலிருந்து இப்படித்தான். விண்ணப்பம் கூடினால் குலுக்கல், 5 வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். கட்டடம் மட்டும் நம் பாடு. பாஸ்டனில் அது லேசுப்பட்ட காரியமா? எங்களைப் பிடிக்காதவர்களும் நிறைய. இந்தப் பள்ளிகளைக் கூட்டலாமா என்று 2016இல் மாநிலம் முழுக்க வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றார்கள். பிள்ளை இங்கே வந்தால் அவன் பங்குப் பணமும் பழைய பள்ளியை விட்டு வந்துவிடும் என்ற அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமலில்லை.

கடைசியில் பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலத்தடித் தளம் கிடைத்தது. சனி, ஞாயிறு அவர்களுக்கு, மற்ற நாள் எங்களுக்கு. வெள்ளி மாலை மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட வேண்டும். முதல் திங்கட்கிழமை, இன்னொரு ஆசிரியரும் நானும் ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசைகள் வரிசையாக, பிள்ளைகளின் பெயர்ச் சீட்டு எது எங்கே இருந்ததோ அங்கேயே. ஒரு மேசைக்கு ஒரு கால் குட்டை. அதில் உட்காரும் பையன் காலை உணவு சீரியல் அட்டை டப்பாவைக் கிழித்து மடித்து அடியில் வைத்திருந்தான். அந்த அட்டைத் துண்டும் அதே காலடியில்.

எல்லாம் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் செய்த வேலை. முழங்கால் வலிக்காரர். வெள்ளிக்கிழமையே பழைய வழிபாட்டுத் தாளின் பின்பக்கம் பென்சிலால் படம் போட்டு வைத்துக்கொண்டு, ஞாயிறு இரவு எல்லோரும் போனபின் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டிருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை, வாடகை ஒப்பந்தத்திலும் இல்லை. அட்டை எதற்கு என்றேன். "அந்தப் பையன் வந்ததும் மேசையைத்தான் ஆட்டிப் பார்க்கிறான்" என்றார். ஐந்தாவது முடிப்பதற்குள் மூன்று பள்ளி மாறியவன் அவன். அது அவருக்குத் தெரியாது. வருஷம் முழுக்க ஒரு திங்கள்கூடத் தவறவில்லை.

நம் தமிழ்ப் பள்ளியும் ஞாயிறுதோறும் இரவல் அறையில்தானே நடக்கிறது? பலகையை அழித்துவிட்டு வந்தால் கடமை முடிந்தது என்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். கூச்சமாக இருக்கிறது.

பொங்கல் விழாவுக்கு வைத்திருந்த மடக்கு மேசைகளைத் தந்தவர்கள், யு-ஹால் வாடகை வண்டி ஓட்டியவர்கள், தீயணைப்புத் துறைப் படிவங்களோடு மல்லுக்கட்டிய அக்கா, இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்து இறக்கியவர்கள், எங்களை நம்பிக் குலுக்கலில் பெயர் போட்ட பெற்றோர்கள் எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் நேரில் திட்டுங்கள். போன வருஷம் ஆறாவது மட்டும், இன்று முதல் ஏழாவதும். அடுத்த வருஷம் எட்டாவது வந்தால் பள்ளி முழுசாகிவிடும்.

இனி சனிக்கிழமை மாலைகளில் அந்த நிலத்தடித் தளத்தில் வழிபாட்டுக்கு நாற்காலி போட ஆசிரியர்கள் முறை வைத்துப் போகப்போகிறோம். பெரியவர் வேண்டாம் என்கிறார். போவோம்.

வெள்ளிக்கிழமை சாமான் ஏற்றும்போது அவர் என் கையில் ஓர் உறையைத் திணித்தார். உள்ளே அந்த அட்டைத் துண்டு. ஏழு மணிக்கு முன்னால் போய் அதை வைத்துவிட வேண்டும். பையன் ஏழரைக்கு வந்துவிடுவான்.