ஆண்டறிக்கை 2024–25: இஞ்ச்கேலக் தீவுக் காடும் நம் முன் உள்ள தீர்மானமும்

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கிளாஸ்கோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

வழக்கமான வேலைகள் வழக்கம்போல நடந்தன. செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. சித்திரைத் திருநாளுக்கும் பொங்கலுக்கும் மண்டபம் நிறைந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடக்கிறது. சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு மனமார்ந்த நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, மே மாதம் நாம் போய்வந்த இஞ்ச்கேலக் தீவுக் காட்டுக்கே ஒதுக்கியிருக்கிறேன். அதையொட்டி ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. அங்கே வராதவர்களும் விஷயம் தெரிந்து கைதூக்க வேண்டும் என்பதே காரணம்.

ஆண்டுச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று செயற்குழுவில் நிறையவே பேசினோம். கடற்கரை, கோட்டை, கேளிக்கைப் பூங்கா எல்லாம் பேச்சில் வந்தன. லாக் லோமண்ட் ஏரிக்கரையில் எத்தனையோ முறை சோற்றுப் பொட்டலம் பிரித்திருக்கிறோம், ஏரிக்குள் இருக்கும் தீவில் கால் வைத்ததே இல்லையே என்று இளைஞர் பிரிவினர் கேட்டார்கள். அதற்குப் பிறகு வேறு பேச்சு எழவில்லை.

பிரிட்டன் பெருந்தீவில் பரப்பளவில் மிகப் பெரிய நன்னீர் ஏரி லாக் லோமண்ட். ஏறத்தாழ 71 சதுர கிலோமீட்டர். ஸ்காட்லாந்தின் முதல் தேசியப் பூங்கா 2002இல் இந்த ஏரியைச் சுற்றித்தான் அமைந்தது. ஏரியின் தென்கிழக்கில், பல்மஹா கிராமத்துக்கு எதிரே இஞ்ச்கேலக் இருக்கிறது. படகு ஏறினால் சில நிமிடம்தான். சின்னத் தீவு, முழுக்கக் காடு. நிதானமாக நடந்தாலும் அரை நாளில் சுற்றிவிடலாம். வடக்குத் துறையில் இறங்கியதும் படிகள் செங்குத்தாக ஏறுகின்றன. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் தீவின் நடுவே போகும் தாழ்வான பாதையில் நடந்தார்கள்; மற்றவர்கள் உச்சிப் பாதையில் போனார்கள். தெற்கே உள்ள சிறு மணற்கரையில் எல்லோரும் சேர்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம்.

மே மாதம் என்பதால் ஓக் மரங்கள் அப்போதுதான் இலை விட்டிருந்தன. இலை முழுதாக விரிந்து நிழல் அடைவதற்கு முன், வெயில் தரைவரை இறங்கும் அந்தச் சில வாரங்களில்தான் புளூபெல் என்ற நீலப் பூச்செடி பூக்கும். காட்டின் தரை பல இடங்களில் நீலமாகவே இருந்தது. இந்தச் செடி விதையிலிருந்து பூவுக்கு வர ஐந்தாண்டு போல ஆகும். இலையை மிதித்தால் கிழங்குக்கு உணவு போகாது. ஒரு முறை மிதிபட்ட இடம் தேற வருடங்கள் பிடிக்கும். இதைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தோம். ஒரு குழந்தைகூடப் பாதையை விட்டு இறங்கவில்லை. படம் எடுக்கப் பூக்களின் நடுவே போக நினைத்த பெரியவர்களைப் பிள்ளைகளே தடுத்தார்கள். சங்கத்தின் எந்த விழா மேடையிலும் எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஓக்கோடு பிர்ச், ரோவன், ஹாலி, ஈரமான இடங்களில் ஆல்டர், உச்சியில் ஸ்காட்ஸ் பைன் என்று இந்த மண்ணின் மரங்களே எங்கும். மரப்பட்டைகளில் பாசி கனமாகப் படர்ந்திருக்கிறது. உச்சியின் உயரம் வெறும் 85 மீட்டர்தான், ஆனால் அங்கே நின்றால் ஸ்காட்லாந்தின் அமைப்பே புரிகிறது. தெற்கே தாழ்நிலம், வடக்கே மலைநாடு. மேற்கே ஆரன் தீவிலிருந்து கிழக்கே ஸ்டோன்ஹேவன் ஊர் வரை நாட்டைக் குறுக்கே வெட்டும் நிலப்பிளவு இந்தத் தீவின் வழியாகவே போகிறது. கரையில் உள்ள கோனிக் குன்றும், இஞ்ச்கேலக்கும், அதற்கப்பால் ஏரியில் உள்ள தீவுகளும் ஒரே கோட்டில் வரிசையாக நிற்பதை உச்சியிலிருந்து கண்ணாலேயே பார்க்கலாம்.

இது மனிதர் கை படாத காடு என்று பலரும் நினைத்துக்கொண்டுதான் வந்தோம். கதை வேறு. அயர்லாந்திலிருந்து வந்த கெண்டிகெர்னா என்ற துறவி எட்டாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்து மறைந்தார். அவர் பெயரில் எழுந்த தேவாலயத்தின் அடித்தளமும் பழைய கல்லறைகளும் மரங்களுக்கிடையே இன்னும் இருக்கின்றன. 1947 வரை அங்கே அடக்கம் நடந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிவரை தீவில் விவசாயமும் இருந்தது. அதன் பிறகு நிலத்தை ஓக்குக்கு விட்டார்கள், பட்டைக்காகவும் கரிக்காகவும். மரத்தை அடியோடு வெட்டிவிட்டு, கரும்பில் மறுதாம்பு விடுவதைப்போலக் கட்டையிலிருந்து மறுபடி தழைய விடுவார்கள். இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டு. ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாக எழுந்து நிற்கும் ஓக் மரங்களை வழியில் பார்த்தோமே, அவை அந்த நாள் வெட்டின் அடையாளம்.

ஓக் பட்டை தோல் பதனிடப் போயிற்று. இதைக் கேட்டதும் வாணியம்பாடிக்காரரான நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பாதையிலேயே நின்றுவிட்டார். அவர் தாத்தா காலத்தில் தோல் கிடங்குகளில் ஆவாரம்பட்டைதான் போடுவார்களாம். அப்படிப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிரிட்டனுக்குத்தான் கப்பலேறியது. பட்டையை எப்படி உரிப்பது, தண்ணீரில் எவ்வளவு நாள் ஊறவைப்பது என்று அவர் விளக்க, பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம், பல்மஹாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரத்துண்டுகளை மூடிய கலத்தில் சூடாக்கி ஒருவகைக் காடி எடுத்து, துணிச் சாயத் தொழிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏரியின் தென்கோடியைத் தாண்டினால் வரும் லீவன் பள்ளத்தாக்கில் அப்போது சிவப்புச் சாயத் துணி ஆலைகள் கொடிகட்டிப் பறந்தன. அந்தத் துணிக்குப் பெரிய சந்தை இந்தியா.

வேதியியல் முறையில் செய்த மாற்றுப் பொருட்கள் வந்ததும் பட்டைக்கும் கரிக்கும் மதிப்புப் போனது. விலை போகாத காடுகளுக்கு ஸ்காட்லாந்தில் நல்ல காலம் பிறக்கவில்லை. ஆடும் மானும் புகுந்த இடத்தில் கன்று மேலே வராது. முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் அரசு வனத்துறை வந்தபோது, சீக்கிரம் வளரும் மரம் தேவைப்பட்டது. வட அமெரிக்காவின் சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் இங்குள்ள மலைகளெல்லாம் ஏறியது. நாம் பேருந்து ஜன்னலில் பார்க்கும் கரும்பச்சைக் காடுகளில் பெரும்பாலானவை அதுதான். 2014இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி மண்ணின் மரங்கள் கொண்ட காடு ஏறத்தாழ 3,11,000 ஹெக்டேர். நாட்டின் பரப்பில் 4 சதவீதம். அதிலும் மூன்றில் ஒரு பங்கு மேய்ச்சலால் கடுமையாக அடிபட்டிருந்தது. இஞ்ச்கேலக் தீவுதானே, தப்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மான் ஏரியை நீந்திக் கடந்து வருகிறது. வயதான மரங்கள் கம்பீரமாக நிற்கும் காட்டில் இளங்கன்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் அந்தக் காட்டின் உடல்நிலை தெரியும்.

அக்டோபரில் உறுப்பினர்கள் சிலர் நகருக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு சிறு ஓக் காட்டில் தன்னார்வ வேலைக்குப் போனார்கள். வேலை, ரோடோடென்ட்ரான் புதரை வெட்டுவது. மாளிகைத் தோட்டங்களுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட செடி அது. பூ அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் இருட்டு நிழலில் ஓக் கன்றும் முளைக்காது, புளூபெல்லும் பிழைக்காது. வெட்டினாலும் கட்டையிலிருந்து திரும்பத் தழைக்கும். அதனால் ஒரு முறை போய்விட்டு நின்றுவிட்டால் பட்ட பாடு வீண். மழையில் நனைந்து, கை சிராய்த்து வந்தவர்கள் அடுத்த வருடமும் வருகிறோம் என்று அப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பேரவை கைதட்டிப் பாராட்ட வேண்டும்.

அடுத்த முறை வருபவர்களுக்குச் சில செய்திகள். தீவில் குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். புதருக்குள் உண்ணி இருக்கும், லைம் நோய் அதனால்தான் வருகிறது. முழுக்கால் சட்டை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதோரம் எல்லாம் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி இந்த நாட்டில் காடு, மலை, ஏரிக்கரை எங்கும் பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. புதிதாக வந்த குடும்பங்கள் பல, யாராவது விரட்டுவார்களோ என்ற தயக்கத்தில் நகரத்துக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. அந்தப் பயம் வேண்டாம், உரிமை உங்களுக்கும் உண்டு.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். இனி ஆண்டுதோறும் மே மாதம் மண்ணின் மரங்கள் உள்ள ஒரு காட்டுக்குச் சங்கச் சார்பில் போவது. அக்டோபர் வேலை நாளைச் சங்கத்தின் நிரந்தர நிகழ்ச்சியாக்குவது. அதற்கான கையுறை, கைவாள், பேருந்துச் செலவை உறுப்பினர் சந்தாவிலிருந்து ஒதுக்குவது. செலவு அதிகம், விழாப் பணத்தில் கைவைக்கக் கூடாது என்று செயற்குழுவில் ஒரு கருத்து இருந்தது. அதை இங்கே பதிவு செய்கிறேன். என் கருத்து, இது விழாவுக்குச் சமமான செலவுதான். நம் பிள்ளைகள் வளரும் ஊர் இது. இங்குள்ள மரத்தின் பெயரும், அதற்கு என்ன கேடு என்பதும், தாங்கள் என்ன செய்யலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இளைஞர் பிரிவின் பொறுப்பாளர் தீர்மானத்தை முன்மொழிகிறார். அக்டோபர் வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் உள்ள குறிப்பேட்டில் எழுதலாம். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்