ஏற்காடு ஏரிக்கரை உறவுகளுக்கு நன்றி

படகு இல்லத்துப் படகோட்டி அண்ணனுக்கும், கரையில் எனக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீரைக் கண்டாலே கால் நடுங்கும் சேலத்துக்காரி நான். இன்று ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகை நானே வலிக்கிறேன் என்றால் அது உங்களால்தான். நேரில் சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, ஆகவே எழுதுகிறேன்.

அண்ணா, கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வந்தவளிடம் நீங்கள் துடுப்பைத் தரவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கச் சொல்லிவிட்டு, கரையில் கட்டியிருந்த படகைக் காட்டினீர்கள். "குனிந்து, நடுவில் கால் வையுங்கள் அம்மா. விளிம்பை மிதிக்க வேண்டாம். உட்கார்ந்து எழுந்தால் இன்றைக்குப் போதும்" என்றீர்கள். போதும் என்று நீங்கள் சொன்னதால்தான் நான் மறுபடி வந்தேன்.

பிறகு கரையோரமாகவே ஒரு மரம் வரை போய்த் திரும்பினோம். அதற்குப் பிறகுதான் துடுப்பு. போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலிக்க வேண்டும் என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. விட்டு வந்த கரையில் உயரமான சில்வர் ஓக் ஒன்றைக் காட்டி, படகின் பின்முனை அதற்கு நேராக இருக்கும்வரை படகு கோணாது என்றீர்கள். அன்று முழுவதும் அந்த மரத்தை மட்டுமே பார்த்தேன். ஆழத்தைப் பற்றி நினைக்க நேரமே இல்லை.

ஒருநாள் ஏரி நடுவில் காற்று எழுந்து படகின் முனையைத் திருப்பியது. ஒரு துடுப்பை நீருக்குள் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை வலித்தேன். படகு மெல்லத் திரும்பி நேரானது. நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தும் என் கையிலிருந்து துடுப்பை வாங்கவில்லை. அந்தப் பொறுமைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

பயந்தவரை ஆழத்தில் இறக்கிவிட்டால் பயம் தெளியும் என்பார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அப்படி இறக்கப்பட்டிருந்தால் நான் ஏற்காடு பஸ்ஸில் திரும்ப ஏறியிருக்கவே மாட்டேன்.

20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தலைசுற்றலைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கூடவே வந்த என் தங்கைக்கும், கூட்டம் குறைந்த நேரம் எது என்று பார்த்துச் சொன்ன டிக்கெட் கவுன்ட்டர் தம்பிக்கும், நனைந்து வந்தபோதெல்லாம் கேட்காமலே சூடாகத் தேநீர் நீட்டிய கடைக்கார அக்காவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அண்ணா, படகுத்துறையை நெருங்கும்போது எந்த இடத்தில் வலிப்பதை நிறுத்தினால் படகு இடிக்காமல் அணையும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்த முறை அதை மட்டும் பார்ப்போம். அது கைவந்துவிட்டால், கோடை விழாப் படகுப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதாக இருக்கிறேன். நீங்களும் கரையில் நிற்க வேண்டும்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து உங்கள் தங்கை