வீம்புக்கு ஒரு கிளப்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

போன வாரம் வீடியோ காலில் என் பின்னால் சுவரில் தொங்கிய வெள்ளை ஜெர்சியைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, கடைசியா 2005லதான் லீக் ஜெயிச்சிருக்காங்க. இந்த டீமுக்கா இவ்வளவு பில்டப்?" என்று கேட்டாய். நீ போட்டிருந்ததோ கால்பந்து நட்சத்திரம் மோட்ரிச் பெயர் பதித்த குரோஷியா ஜெர்சி. அப்போதே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டு வரி பற்றி ஆரம்பித்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். வலைப்பதிவிலேயே போடுகிறேன். வாட்ஸப்பில் நீளமாக அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நீ நழுவிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

நான் கப்பலில் ஃபிட்டராக இருந்தபோது எங்கள் சீஃப் இன்ஜினியர் ஸ்ப்ளிட் ஊர்க்காரர். குரோஷியாவின் தெற்கே, டால்மேஷியா என்ற கடற்கரைப் பகுதியின் பெரிய ஊர் அது. கன்ட்ரோல் ரூமில் அவருடைய காபி மக், டூல்பாக்ஸ், மானிட்டரின் ஓரம் என்று எங்கு பார்த்தாலும் ஒரே ஸ்டிக்கர்: நீல வளையத்துக்குள் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். ஹைடுக் ஸ்ப்ளிட் என்ற கால்பந்து கிளப்பின் சின்னம். என் சுவரில் தொங்குவதும் அதன் ஜெர்சிதான். அந்த அணி தோற்ற மறுநாள் காலையில் ப்யூரிஃபையர் சத்தம்கூட மனுஷனுக்குப் பிடிக்காது. ஜெயித்தால் எங்களுக்கு ஓவர்டைம் ஷீட்டில் கேள்வியே இல்லாமல் கையெழுத்து விழும். ஆக, நான் அந்த அணிக்கு ஆதரவாளனானது முதலில் சுயநலத்தில்தான்.

அவர்தான் எனக்கு 'டிஷ்பெட்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார். இத்தாலிய மொழியிலிருந்து டால்மேஷியப் பேச்சுக்கு வந்த சொல். இங்கிலீஷில் நாலைந்து விதமாக விளக்கிப் பார்த்தார், அவருக்கே திருப்தி வரவில்லை. எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நம்ம ஊர் வீம்பு! நஷ்டம் நமக்குத்தான் என்று தெரிந்தும், "முடியாது, என்ன பண்ணுவ?" என்று நிற்கிறோமே, அதே குணம். ஹைடுக்கின் கதையைக் கோப்பைக் கணக்கில் படித்தால் உனக்குப் புரியாது மாப்ளே. வீம்புக் கணக்கில் படி.

முதலில் பெயரே வீம்புதான். 1911இல் ஸ்ப்ளிட் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. பிராக் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த கலிதெர்னா, ஸ்டெல்லா, ஷாக்கிச், இவானிஷெவிச் என்ற ஸ்ப்ளிட் பையன்கள், 'உ ஃப்லெக்கு' என்ற பீர்க்கடையில் உட்கார்ந்து, நம்ம ஊருக்கும் ஒரு கிளப் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். (1499இலிருந்து இருக்கும் கடை. இன்றும் இருக்கிறது.) என்ன பெயர் வைப்பது என்று தங்களுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டு, யோசிப் பராச் என்ற வயதான பேராசிரியரின் அறைக்குள் கூச்சலோடு நுழைந்திருக்கிறார்கள். அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் 'ஹைடுக்' என்று வையுங்கள் என்றாராம். ஓட்டோமான் ஆட்சிக் காலத்தில் மலைகளில் பதுங்கி ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு அந்தப் பெயர். அரசாங்கத்துக்குக் கொள்ளையர், ஊருக்கு வீரர். பேரரசின் அதிகாரிகளிடம் போய் இந்தப் பெயரில் பதிவு கேட்கிறார்கள், பார்த்துக்கொள்.

முதல் போட்டி 1911 ஜூன் 11. எதிரணி கால்ச்சோ ஸ்பாலாட்டோ, இத்தாலியச் சார்பு கட்சிக்காரர்களின் கிளப். ஸ்பாலாட்டோ என்பது ஸ்ப்ளிட்டின் இத்தாலியப் பெயர். ஆக, முதல் பகையே ஊரை எந்தப் பெயரில் கூப்பிடுவது என்பதில்தான். ஹைடுக் 9-0. இதை மட்டும் வருடம், தேதி, ஸ்கோரோடு சீஃப் என்னை மனப்பாடம் செய்ய வைத்தார்.

அந்தப் பகை 30 வருடம் கழித்து நிஜமான துப்பாக்கியோடு திரும்பி வந்தது. 1941இல் முசோலினியின் படை ஸ்ப்ளிட்டைப் பிடித்து இத்தாலியோடு சேர்த்துக்கொண்டது. பெயரை மாற்றிக்கொண்டு இத்தாலியின் முதல்நிலை லீகில் ஆடலாம் என்று ஹைடுக்குக்கு வாய்ப்பு வந்தது. எந்த கிளப்புக்கும் ஆசை வரும். இவர்கள் ஆட மாட்டோம் என்று கிளப்பையே முடக்கிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, ஆட்டக்காரர்கள் கடல் தாண்டி விஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் விடுதலைப் படை கையில் இருந்த தீவு அது. 1944 மே 7 அன்று, சட்டையில் சிவப்பு நட்சத்திரத்தோடு அங்கே ஹைடுக் மறுபடி பிறந்தது. அந்த செப்டம்பரில் இத்தாலியின் பாரி நகரத்தில் பிரிட்டிஷ் ராணுவ அணியோடு மோதியது. 40,000 பேர் பார்த்த ஆட்டம். 7-2 தோல்வி. எதிரணியில் இங்கிலாந்துக்கே ஆடிய ஸ்டான் கல்லிஸ் மாதிரி ஆட்கள் இருந்தார்கள், இவர்கள் தீவில் கிடைத்ததைத் தின்றுவிட்டு வந்தவர்கள். பிற்பாடு ஸ்ப்ளிட்டிலேயே மறுபடி மோதி, 1-0 என்று கணக்கை முடித்தார்கள். நடுவே மால்டா, எகிப்து, பாலஸ்தீனம், லெபனான், சிரியா என்று ஒரு சுற்று. பாரி என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வை, இன்னொரு முறை வரும்.

போர் முடிந்தது. குரோஷியா அப்போது யுகோஸ்லாவியா என்ற நாட்டின் ஒரு பகுதி, டிட்டோ அதன் தலைவர். போராளிகளின் அணி என்ற புகழோடு ஊர் திரும்பியவர்களை, தலைநகர் பெல்கிரேடுக்கு வந்து ராணுவத்தின் கிளப்பாக இருங்கள் என்று கூப்பிட்டார்கள். டிட்டோவே கேட்டார் என்பது ஸ்ப்ளிட்டில் எல்லோரும் சொல்வது. சம்பளம், வசதி, அரசாங்க ஆதரவு எல்லாம் உண்டு. இவர்கள் கடலை விட்டு வர மாட்டோம் என்றார்கள். 1945 அக்டோபரில் ராணுவம் பெல்கிரேடில் தனியாக ஒரு கிளப் ஆரம்பித்தது. அதுதான் பார்ட்டிசான். எதிரியாகப் பிறகு வந்து நின்ற கிளப்பே இவர்களுடைய வீம்பால் பிறந்ததுதான்.

1950 கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அந்த வருடம் பிரேசிலில் உலகக் கோப்பை. ஸ்டேடியம் முழுக்க ஆட்டமும் பாட்டுமாக இருந்த பிரேசில் ரசிகர் கூட்டத்துக்குப் போர்த்துகீசிய மொழியில் 'டோர்சிடா' என்று பெயர். ஸாக்ரெப் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த டால்மேஷிய மாணவர்கள் அக்டோபர் 28 அன்று அதே பெயரில் ஒரு ரசிகர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவிலேயே மிகப் பழையது என்று சொல்லப்படும் அமைப்பு இதுதான். மறுநாள் ஸ்ப்ளிட்டில் பெல்கிரேடின் ரெட் ஸ்டாரோடு ஆட்டம். மணி, ஊதல், கொடி என்று அந்த ஊர் அதுவரை கேட்காத சத்தம். கடைசி நேரத்தில் ப்ரோகெட்டா அடித்த கோலில் ஹைடுக் 2-1. அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன்.

சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சிக்கு வெளியே இத்தனை பேர் சேர்ந்து கத்துவதா என்று ஆட்சியாளர்களுக்குக் கிலி. அமைப்பைத் தொடங்கிய மாணவர் சிறைக்குப் போனார். கேப்டன் ஃபிரானே மாதோஷிச் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஹைடுக்குக்காக 700க்கு மேல் கோல் அடித்த மனுஷன் அவர். டோர்சிடா என்ற பெயரையே வெளியில் சொல்ல முடியாமல் போனது. பெயர் மறுபடி ஸ்டேடியத்தில் எழ 30 வருடம் ஆனது.

எல்லாவற்றையும் எதிர்த்தே வாழ்ந்தவர்கள் என்று நான் கதை விடுவதாக நினைக்காதே. 1980 மே 4 அன்று போல்யூட் ஸ்டேடியத்தில் ரெட் ஸ்டாரோடு ஆட்டம். போல்யூட் அதற்கு முந்தைய வருடம் மத்தியதரைக்கடல் விளையாட்டுகளுக்காகக் கட்டியது. போரிஸ் மகாஷ் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு, திறந்த சிப்பி மாதிரி இருக்கும். முதல் பாதி முடியுமுன் ஆட்டம் நின்றது. டிட்டோ இறந்துவிட்டார் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஆட்டக்காரர்கள் புல்லில் விழுந்து அழுதார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று, தோழர் டிட்டோ, உன் வழியிலிருந்து விலக மாட்டோம் என்ற பாட்டைப் பாடியது. பத்தே வருடம். 1990 செப்டம்பரில் அதே ஸ்டேடியத்தில், பார்ட்டிசானோடு நடந்த ஆட்டத்தில், கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி யுகோஸ்லாவியக் கொடியை இறக்கிக் கொளுத்தியது. இரண்டு நாளும் கேலரியில் இருந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். சீஃபிடம் ஒருமுறை அதைக் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய் பாய்லர் கேஜ் பார்த்துவிட்டு வந்தார்.

1991 மே 8. பெல்கிரேடில் யுகோஸ்லாவியக் கோப்பை இறுதி. கோப்பையின் பெயரே மார்ஷல் டிட்டோ கோப்பை. எதிரே ரெட் ஸ்டார். நாடு உடைந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. ஹைடுக்கின் அலென் பொக்ஷிச் ஒரு கோல் அடித்தார், 1-0. சரியாக மூன்று வாரம் கழித்து அதே ரெட் ஸ்டார் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையைத் தூக்கியது. எந்த ஊரில் தெரியுமா? பாரியில். ஐரோப்பாவின் சாம்பியனை அதன் சொந்த ஊரில் வைத்து அடித்துவிட்டு வந்த அணி என்று சீஃப் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். அந்தக் கோப்பை ஸ்ப்ளிட்டிலேயே இருக்கிறது. திருப்பிக் கேட்க அந்த நாடு இல்லை.

அப்புறம் குரோஷியா தனி நாடானது. பெல்கிரேடு எதிரிகள் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது டினாமோ ஸாக்ரெப். புது நாட்டின் தலைநகரான ஸாக்ரெப்புக்கும் கடற்கரைக்கும் நடுவே இருக்கும் பகை. இந்த ஆட்டத்துக்கு 'நிரந்தர டெர்பி' என்று பெயர், டெர்பி என்றால் பரம எதிரிகள் மோதும் ஆட்டம். ஸாக்ரெப்காரர்களை இவர்கள் 'புர்கர்' என்பார்கள், நகரவாசி என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது, பவுசுக்காரன் என்ற தொனியில். அவர்கள் இவர்களை 'தோவார்' என்பார்கள். டால்மேஷியப் பேச்சில் கழுதை. வீம்பு என்று சொன்னேனே, அந்த வசவையே எடுத்து இவர்கள் சட்டையில் போட்டுக்கொண்டார்கள்.

டினாமோவைப் பற்றிப் பேச நான் சரியான ஆள் இல்லை. ஆனால் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். 1990களில் அரசியல்வாதிகள் அந்த கிளப்பின் பெயரை 'க்ரோயேஷியா ஸாக்ரெப்' என்று மாற்றியபோது, எதிர்த்து நின்றவர்கள் அதே டினாமோ ரசிகர்கள், பேட் ப்ளூ பாய்ஸ். 2000இல் பழைய பெயரைத் திரும்ப வாங்கினார்கள். வீம்பு கடற்கரைக்கு மட்டும் சொந்தமில்லை போல. சீஃபிடம் இதைச் சொல்லிவிடாதே. கோப்பைக் கணக்கில் டினாமோ எட்ட முடியாத தூரம் போய்விட்டது, 2006 முதல் 2016 வரை தொடர்ந்து 11 லீக். அந்தக் காலத்தில் கிளப்பை ஆட்டிவைத்த பெரிய மனிதருக்கு 2018இல் பண மோசடி வழக்கில் தண்டனை விழுந்தது, ஆள் அதற்குள் போஸ்னியாவுக்குப் போயிருந்தார். அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் உன் மோட்ரிச்சும் ஒருவர்.

மோட்ரிச் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் ஸாடார் ஊர், டால்மேஷியாவேதான், ஹைடுக்கின் பேட்டை. சிறுவனாக ஹைடுக்கில் தேர்வுக்கு வந்திருக்கிறார். உடம்பு போதாது, ரொம்பச் சின்னதாக இருக்கிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு டினாமோ அள்ளிக்கொண்டது. முசோலினிக்கு முடியாது, பெல்கிரேடுக்கு முடியாது, எல்லாம் சரி. மோட்ரிச்சுக்கு முடியாது என்றதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

2014 நவம்பர் 22 நான் கப்பலில் இருந்த காலம். ஸாக்ரெப்பின் மாக்சிமிர் ஸ்டேடியத்தில் டெர்பி. ஸ்ப்ளிட்டிலிருந்து போன ரசிகர்களை உள்ளே விடவில்லை. ஹைடுக் ஆட்டக்காரர்கள், எங்கள் ஆட்கள் இல்லாமல் ஆட மாட்டோம் என்று இறங்காமலே பஸ் ஏறிவிட்டார்கள். புள்ளி போனது, 3-0 என்று தோல்வி எழுதினார்கள். நள்ளிரவு தாண்டி பஸ் ஸ்ப்ளிட் வந்து சேர்ந்தபோது ஆயிரக்கணக்கான பேர் தீப்பந்தங்களோடு காத்திருந்தார்கள். ஆடாத ஆட்டத்துக்கு அப்படி ஒரு வரவேற்பு. அந்த வீடியோ துண்டுதுண்டாக லோடாகி முடிக்க எங்கள் கப்பல் நெட்டில் முக்கால் மணி நேரம் ஆனது. சீஃப் எழுந்து போகவே இல்லை.

நல்லதை மட்டும் சொன்னால் நீ நாளைக்கு யூடியூபில் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவாய். இரண்டு பக்கத்து ரசிகர்களும் நெடுஞ்சாலையில் ஒருவரையொருவர் மறித்து அடித்துக்கொண்டதெல்லாம் உண்டு. அதை நான் வீம்பில் சேர்க்க மாட்டேன், வெறும் ரவுடித்தனம்.

ஒரே ஒருமுறை அங்கே கால் வைத்தேன். ஸ்ப்ளிட் பக்கத்து த்ரோகிர் ஊரின் கப்பல் பட்டறையில் கப்பல் ட்ரைடாக்கில் நின்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சீஃப் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் சுவர்களில் ஹைடுக் ஓவியம். பஸ் நிறுத்தம், டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி எதையும் விடவில்லை. போல்யூட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அவர் நிறுத்தியது 'ஸ்தாரி பிளாட்ஸ்' என்ற பழைய மைதானத்தில். 1979 வரை ஹைடுக் அங்கேதான் ஆடியது. இப்போது ரக்பி நடக்கிறது. கம்பி வேலிக்கு வெளியே நின்று, அப்பா தோளில் உட்கார்ந்து எந்த இடத்திலிருந்து பார்த்தேன் என்று விரல் நீட்டிக் காட்டினார். நான் பார்த்தபோது அங்கே இரண்டு பசங்கள் நீள்வட்டப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சீஃப் இப்போது ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். கிளப்பில் பெரும் பங்கு ஸ்ப்ளிட் நகராட்சியிடம் இருக்கிறது. மேற்பார்வைக் குழுவை ரசிக உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஓட்டுக்கு அவர் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போவாராம். 2017இலும் 2025இலும் ரியேக்காகூட லீக் ஜெயித்துவிட்டது. கடற்கரையிலேயே இன்னொரு போட்டிக்காரன், அவனுக்கே இரண்டு கிடைத்துவிட்டது. ஒவ்வொரு மே மாதமும் சீஃபிடமிருந்து எனக்கு வாட்ஸப்பில் ஒரே செய்தி வரும்: "அடுத்த வருடம்." நான் ஒரு கட்டைவிரலைப் போடுவேன்.

அன்புடன்,
மாமா

பி.கு.: உனக்கும் ஒரு வெள்ளை ஜெர்சி அனுப்பியிருக்கிறேன். உன் அளவு தெரியாமல் பெரியதாக வாங்கிவிட்டேன். உன் அம்மாவிடம் சொல்லி வை, வண்ணத் துணிகளோடு சேர்த்து ஊறப் போட வேண்டாம்.