தகரத்துக்கு வெள்ளை அடியுங்கோ அப்பா

அன்பின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம், முனிர்க்காவில் தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள், தோசை மா வரைக்கும் கிடைக்கிறது. டில்லி வெயில்தான் வேறு மாதிரி. யாழ்ப்பாணத்தில் எவ்வளவு எரித்தாலும் ஒரு கடற்காற்று வரும். இங்கே மே மாதத்தில் 45 பாகை வரை ஏறுகிறது, அதோடு லூ என்று ஒரு காய்ந்த காற்று மேற்கிலிருந்து அடித்தால் முகமே எரிகிறது.

நான் இருப்பது மொட்டைமாடியில் ஒற்றை அறை. போன கிழமை வீட்டுக்காரர் அறைக்கூரை, மாடித்தளம் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்பித்தார். முந்திச் சாம்பல் நிறச் சீமெந்து, பின்னேரம் செருப்பில்லாமல் கால் வைக்க ஏலாது, பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவில் என் தலைக்கு மேல் இறக்கிக்கொண்டே இருக்கும். இப்போது அறை குளிருது என்று சொல்லமாட்டேன், ஆனால் நித்திரை வருகிறது.

கறுப்புப் பொருள் தன்மேல் விழுகிற ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும், அந்த ஒளி உள்ளே வெப்பமாக மாறும். வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பிவிடும். புதுத் தார் ரோட்டு 5 வீதமளவுதான் திருப்பும், புதிதாய் விழுந்த பனி 80 வீதத்துக்கு மேல். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் வெயிலில் பனிமேல் பல நிறத் துணித்துண்டுகளைப் போட்டுப் பார்த்தார். கறுப்பு ஆழமாய்ப் புதைந்தது, வெள்ளை மேலேயே கிடந்தது. 1761இல் ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார்.

சரி, எனக்கு எங்கள் குசினிக் கூரைத் தகரத்தைப் பற்றித்தான் யோசனை. புதுத் தகரம் பளபளக்குதுதானே, அது வெயிலைத் திருப்பாதா என்று அப்பா கேட்பீர்கள். திருப்பும். ஆனால் சூடான பொருள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் தன் சூட்டை வெளியே விடவேண்டும், வெற்று உலோகம் அதில் மிக மோசம். அதனால்தான் மினுங்குகிற தகரமும் கையைச் சுடுகிறது. வெள்ளைப் பெயின்ற் வெயிலையும் திருப்பும், ஏறிய சூட்டையும் கதிராக விட்டுவிடும். (இப்படிச் சூட்டை விடுவதில் கறுப்புப் பெயின்றும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றுதான், கண்ணுக்குத் தெரிகிற நிறத்துக்கு அங்கே வேலையில்லை. படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.) எங்கள் தகரம் துருவேறிக் கபிலமாகியும் போச்சு, அம்மா மத்தியானம் முழுக்க அதுக்குக் கீழேதான் நிற்கிறா.

அகமதாபாத்தில் 2017 முதல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், தெலங்கானா 2023இல் இதற்கென்று அரசுக் கொள்கையே கொண்டுவந்தது. டில்லிக்காவது குளிர்காலம் இருக்கு, அப்போது வெள்ளைக் கூரை வருகிற கொஞ்ச வெயிலையும் தள்ளிவிடும். எங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, உரிந்துவிடும். துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு ஒன்று கொடுத்து, அதுக்கு மேல் வெளிப்புற வெள்ளைப் பெயின்ற் அடியுங்கோ, மாரி தொடங்க முன்னம். அப்புறம் புழுதி படிந்தால் கழுவவேண்டும், அழுக்கேறிய வெள்ளை வெயிலை அவ்வளவு திருப்பாது.

தண்ணீர்த் தாங்கியை மாற்றவேண்டாம். அது கறுப்பாய் இருப்பதால்தான் உள்ளே வெளிச்சம் போகாமல் பாசி பிடிக்காது. மேலே கிடுகு கட்டி நிழல் கொடுத்தால் போதும். பெயின்ற் காசு இந்த மாதமே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்