ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மனச்சோர்வுக்குச் சிகிச்சை கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: மனச்சோர்வு, பதற்ற நோய் உள்ளவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டறிந்து, அங்கேயே தொடர்ந்து மாத்திரை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் ஊராட்சியின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் பகுதியில் மனச்சோர்வு கண்டவர்கள் மனது சரியில்லை என்று சொல்லி மருத்துவமனைக்கு வருவதில்லை; தலைபாரம், கைகால் அசதி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்றுதான் சொல்கிறார்கள். குழு உறுப்பினர் ஒருவர் ஈசிஜி, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை முடிவுகளை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் அலைந்தார். எல்லாம் நார்மல் என்று சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். இடையில் குறி சொல்லும் கோடாங்கியிடம் போனதையும் மறைக்க விரும்பவில்லை. அவரை உட்காரவைத்துப் பேச்சைக் கேட்டது அந்தக் கோடாங்கி மட்டும்தான். பிறகு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை தொடங்கினார்கள். இம்மாத்திரைகள் பலன் காட்டவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்பதை யாரும் சொல்லாததால் பத்து நாளில் நிறுத்திவிட்டார். மறுபடி தொடங்கியபோது, மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டு இரண்டு பேருந்து மாறிப் போக முடியாமல் அதுவும் நின்றது.

இது ஒருவர் கதை அன்று. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, இத்தகைய பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறுவதில்லை. மனநலச் சேவையை ஆரம்ப நிலை முதல் எல்லா நிலைகளிலும் பொது மருத்துவத்துடன் இணைக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18 கூறுகிறது.

ஆகவே, காரணம் பிடிபடாத உடல் உபாதைகளோடு மீண்டும் மீண்டும் வருபவர்களிடம், கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்ததா என்ற இரு கேள்விகளையும் மருத்துவ அலுவலரோ செவிலியரோ தனியிடத்தில் கேட்க ஆணையிட வேண்டுகிறோம். ஆம் என்பவர்களிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனைகளை அங்கேயே செய்து, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் ஆலோசனையுடன் சிகிச்சை தொடங்கலாம்.

தூக்க மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்; அது பழக்கமாகிவிடுகிறதே தவிர நோயைத் தீர்ப்பதில்லை. ஃபுளுவாக்சடின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வுக்கான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றி இருப்பு வைக்கப்பட வேண்டும். குணம் தெரிந்த பின்னும் ஆறு மாதமாவது இவற்றைத் தொடர வேண்டியிருப்பதால், நோய் கட்டுக்குள் வந்தவர்களுக்கு, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் போலவே 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டிலேயே வழங்க வேண்டுகிறோம். மாத்திரையின் பெயரை வாசலில் நின்று உரக்கச் சொல்லாமல் உறையிலிட்டுக் கொடுத்தால் பெண்கள் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள். 14416 என்ற, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண்ணைப் புறநோயாளிச் சீட்டில் அச்சிடுவதற்கும் பெரிய செலவில்லை.

இவை குறித்து மாவட்ட சுகாதார அலுவலருக்கு உரிய ஆணை பிறப்பித்து, எடுக்கப்பட்ட நடவடிக்கையை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்